போர்டு இல்லாத கறிக்கடையும் கால் கிலோ ஈரலும்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஆட்டுக்கறிக்கடையைப் பற்றி எழுதப்போகிறேன். பேர் சொல்லலாம் என்று பார்த்தால் கடைக்குப் பேரும் கிடையாது, போர்டும் கிடையாது. ஒரு வெட்டுக்கட்டை, ஒரு தராசு, மேலே கம்பியில் நாலைந்து கொக்கி, சுவரில் போன வருஷத்துக் காலண்டர், அவ்வளவுதான் கடை. எல்லோரும் பாய் கடை என்பார்கள், சேலத்தில் பாய் கடைக்கா பஞ்சம், அதனால் அதுவும் உதவாது. கறிக்கு எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்பேன், எலும்பு கொஞ்சம் தாராளமாகவே விழும். ஆனால் ஈரலுக்கு ரெண்டு வருஷமாக வேறு கடை வாசலை மிதிக்கவில்லை.

ஈரலை வாயில் வைக்காமல் முப்பது வருஷம் ஓட்டியவன் நான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா நல்ல சமையல்காரி, அவர் வைக்கும் எலும்புக் குழம்புக்குத் தெருவே மூக்கை நீட்டும், ஆனால் ஈரலை மட்டும் கறியோடு சேர்த்து குக்கரில் போட்டு ஐந்து விசில் விட்டுவிடுவார். வெளியே வரும்போது ஸ்கூலில் அழிக்கிற ரப்பர் மாதிரி இருக்கும், கடித்தால் சுண்ணாம்புக்கட்டி போல உதிரும். உடம்புக்கு நல்லது என்று சொல்லித் தட்டில் வைப்பார்கள், நான் தம்பி தட்டுக்குத் தள்ளிவிடுவேன். அவன் அதை நாய்க்குத் தள்ளிவிடுவான்.

அப்புறம் மகளுக்கு எட்டு வயதில் ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து டானிக் எழுதிக்கொடுத்தார், சாப்பாட்டில் கீரை, முட்டை, ஈரல் சேருங்கள் என்றும் சொன்னார். என் மாமியார் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார், டாக்டர் சொன்ன பிறகு அவர் குரலுக்கு ஒரு பலம் வந்துவிட்டது. கீரையில் இருக்கிற இரும்பைவிட ஈரலில் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். சரி, செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன்.

முதலில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற ஒரு ஆப்பில் வாங்கினேன். பேர் வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவில், சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு போட்டு, அரை டம்ளர் சிவப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டு வந்தது. எப்போது வெட்டியதோ தெரியாது. நாலு தடவை கழுவினேன், வாடை போகவில்லை, கழுவக் கழுவ ஈரலின் ருசிதான் போனது. ரெண்டாவது தடவை பெரிய ரோட்டில் ஒரு கடையில் வாங்கினேன், அது இன்னும் மோசம், ஒரு வாய் வைத்ததும் மகள் துப்பிவிட்டாள். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன், வேப்பங்கொட்டைக் கசப்பு. பித்தப்பை உடைந்து ஈரல் மேலே ஊற்றியிருக்கிறது, கடைக்காரர் கண்டும் காணாமல் வெட்டிப் போட்டுவிட்டார். பித்தம் பட்ட ஈரலை என்ன மசாலா போட்டாலும் காப்பாற்ற முடியாது, முழுச் சட்டியும் குப்பைக்குத்தான் போனது.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் செவ்வாய்ப்பேட்டை. லீ பஜாருக்கு மளிகை வாங்கப் போகும்போது பார்த்த கடை, சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். அந்த நேரத்தில் பாய் ஒரு ஆட்டின் ஈரலை எடுத்துக்கொண்டிருந்தார், நான் அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்துத்தான் இந்தக் கடைக்கு அடிமையானேன். முழு ஈரலையும் இடது உள்ளங்கையில் மல்லாத்திப் போட்டார். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பித்தப்பை, கரும்பச்சை நிறத்தில் சின்னக் கத்திரிப் பிஞ்சு மாதிரி இருந்தது. அதன் கழுத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பையோடு கொஞ்சம் ஈரலையும் சேர்த்தே சீவி எடுத்து ஓரமாக இருந்த வாளியில் போட்டார். பை இருந்த இடத்தில் ஈரலில் லேசாகப் பச்சை படிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, அவராகவே அந்த இடத்தையும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழித்துப் போட்டுவிட்டு, கத்தியைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வெட்டு வெட்டினார். நஷ்டம் என்று பார்த்தால் பத்துப் பதினைந்து கிராம். அதைக்கூடத் தராசில் ஏற்றுகிற கடைகள்தான் எனக்கு அதுவரை கிடைத்திருந்தன.

"பாய், கால் கிலோ ஈரல் குடுங்க" என்றேன்.

"வறுக்கவா, குழம்புக்கா தம்பி?"

"வறுக்க. நீங்களே பொடியா வெட்டிக் குடுத்துடுங்க."

"பொடியா வேண்டாம், காஞ்சு போயிடும். முழுசா தரேன், வீட்டுல போய் ஒருதரம் கழுவிட்டு, கட்டைவிரல் அளவுக்கு வெட்டுங்க. அடுப்புல ரெண்டு நிமிஷம் கூட வெச்சீங்கன்னா செருப்புத்தோல்தான்."

கறிக்கடைக்காரர் சமையல் சொல்லிக்கொடுத்து அன்றைக்குத்தான் கேட்டேன். சொன்னது எல்லாமே சரி என்று வீட்டுக்குப் போனதும் தெரிந்தது.

இந்தக் கடையில் எனக்குப் பிடித்த இன்னொன்று, ஈரல் கேட்டால் ஈரல்தான் வரும். பல இடங்களில் ஈரல் விலைக்கே நுரையீரலையும் இதயத்தையும் நடுவில் செருகித் தள்ளிவிடுவார்கள், வீட்டில் வந்து பார்த்தால் பஞ்சு மாதிரி நாலு துண்டு மிதக்கும். பாய் தனித்தனியாகத் தொங்கவிட்டிருப்பார், சேர்த்து வேண்டுமா என்று கேட்டுத்தான் போடுவார். வெள்ளாடா செம்மறியா என்று கேட்டாலும் மழுப்ப மாட்டார். மேச்சேரிச் செம்மறிக்கும் சேலம் கருப்பு வெள்ளாட்டுக்கும் பேர்போன ஜில்லாதான் இது, ஆனால் கொக்கியில் தொங்குவது எது என்று எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்? செம்மறி ஈரலில் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பது என் மூக்கின் கணக்கு. ஒரு தடவை நான் காசை நீட்டிய பிறகு, "இன்னைக்கு வெள்ளாட்டு ஈரல் முடிஞ்சுது, இது செம்மறி, பாப்பாவுக்குன்னா வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, ஆறு மணிக்கு எழுந்து வந்தவனுக்கு வராதா.

சீக்கிரம் முடிந்துபோவதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு ஆட்டுக்கு ஈரல் அரை கிலோ வரும், கொஞ்சம் முன்னே பின்னே. ஐந்து ஆடு போட்டால் ரெண்டரை கிலோ, கால் கால் கிலோவாகப் பத்துப் பேருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குமேல் போய் ஈரல் இல்லையா என்று சண்டை போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆடி மாசம் போகவே போகாதீர்கள், கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் சேலத்தில் எந்தக் கறிக்கடையிலும் நிற்க இடம் இருக்காது. புரட்டாசியில் பாதி ஊர் கறியை விட்டுவிடும், அப்போது ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் போனாலும் கிடைக்கிறது.

கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்றால், ஈரல் கரும்சிவப்பில் பளபளப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும், ஓரம் கூராக இருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகக் குழாய் மாதிரி தடித்து, வெட்டும்போது நறநறவென்று கத்தியில் தட்டுப்பட்டால் அந்த ஈரலை வாங்காதீர்கள். ஆட்டுக்கு ஈரல்புழு வந்து போன அடையாளமாக இருக்கலாம். பாய் அப்படி வருவதை விற்பதில்லை, ஒரு தடவை முழு ஈரலையே தூக்கி வாளியில் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இனி அடுப்புக்கு வருவோம், ஏனென்றால் வாங்கிவந்த ஈரலை வீட்டில் கொல்லாமல் இருந்தால்தான் கடையின் பெருமை தெரியும்.

எங்கள் வீட்டில் வாரா வாரம் நடப்பது மிளகு ஈரல். கால் கிலோவுக்கு இருபது சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ரெண்டு டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சோம்பு. மிளகு மட்டும் எனக்கு ஏற்காட்டிலிருந்து வருகிறது, சித்தப்பா அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார், காப்பிச் செடிக்கு நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற கொடி மிளகு. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரு கிலோ மிளகுக்காக ஏறி இறங்குவது பைத்தியக்காரத்தனம் என்று என் மனைவி சொல்வாள், ஆனால் அம்மியில் ரெண்டு இழுப்பு இழுத்ததும் வருகிற வாசனைக்கு அவள்தான் முதலில் சமையலறைக்கு வருவாள். மிளகையும் சோம்பையும் ஒன்றிரண்டாக உடைத்தால் போதும், மாவாக்கக் கூடாது.

இரும்புச் சட்டியில் மூணு ஸ்பூன் கடலெண்ணெய் விட்டு நன்றாகக் காயவிட்டு, கறிவேப்பிலை, வெங்காயம், தட்டிய இஞ்சி பூண்டு வதக்கிவிட்டு, தீயை முழுசாக ஏற்றி ஈரலைப் போட்டு மஞ்சள் தூவ வேண்டும். போட்டதும் கிளறாதீர்கள், ஒரு நிமிஷம் சும்மா விடுங்கள், ஒரு பக்கம் நிறம் மாறட்டும். பிறகு அதுவே தண்ணீர் விடும், நாம் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, மூடியும் போடக் கூடாது. பெரிய தீயில் அந்தத் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிகிற நேரத்தில் மிளகும் உப்பும் போட்டு நாலு புரட்டு புரட்டி, இருப்பதில் பெரிய துண்டு ஒன்றை நறுக்கிப் பாருங்கள். நடுவில் ரத்தச் சிவப்பு இல்லையென்றால் அந்த நொடியே அடுப்பை அணைத்துவிடுங்கள். மொத்தம் ஏழு நிமிஷம், என் அடுப்பில் எட்டைத் தாண்டியதில்லை. தொடைக்கறி மாதிரி மெதுவாக வேகவைத்து இளக்குவதற்கு ஈரலில் நார் எதுவும் பெரிதாக இல்லை, சூடு ஏற ஏற உள்ளே இருக்கிற ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளி இறுகிக்கொண்டே போகும். அம்மாவின் ஐந்து விசில் ஏன் ரப்பர் ஆனது என்று நாற்பது வயதில் புரிந்தது.

உப்பை முதலில் போட்டால் ஈரல் கல்லாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ரெண்டு மாதிரியும் செய்து பார்த்தேன். உப்பு நேரடியாக ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் முதலில் போட்டால் தண்ணீர் அதிகம் விடுகிறது, அது வற்றும்வரை நாம் அடுப்பை விட்டு இறக்குவதில்லை, அந்த நேரத்தில்தான் கல்லாகிறது. ஆக, பழக்கம் சரி, காரணம்தான் வேறு. பாலில் ஊறவைக்கச் சொல்கிறார்களே என்றால், வாடை இருக்கிற ஈரலுக்கு அது உதவும், பாய் கடை ஈரலுக்குப் பால் தண்டம். கழுவுவதையும் வெட்டுவதற்கு முன்பே முழுசாகக் கழுவிவிடுங்கள், மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு இருக்கும், ஓரத்தில் நகத்தால் கிளப்பினால் உரிந்துவிடும். உரித்தால் துண்டு சுருளாது.

காரம் பிடிக்கிறவர்களுக்குப் பள்ளிபாளையம் வழி இருக்கிறது. ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் இந்தக் கரையில் இருக்கிற ஊர், அங்கே கோழிக்குச் செய்வதை நான் ஈரலுக்குச் செய்கிறேன். வரமிளகாய் பத்தைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் வதக்கி, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, அதில் ஈரல். மசாலாத்தூள் எதுவும் கிடையாது. தேங்காய்ப் பல்லு கடிபடுகிற சத்தமும் ஈரலின் மெத்தென்ற பதமும் சேர்ந்து வருவதுதான் இதில் ருசி, சாதத்துக்கும் ரசத்துக்கும் வைத்துக்கொண்டால் தட்டு தானாகக் காலியாகும்.

மகளுக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை, தோசைக்கல் ஈரல். அரை விரல் தடிமனுக்குச் சீவி, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் தடவி, நன்றாகக் காய்ந்த கல்லில் பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம், மேலே உப்பும் எலுமிச்சையும். சின்ன வயதில் முனியப்பன் கோயில் கிடாவெட்டுக்குப் போனால் கறி வேகும் வரைக்கும் பிள்ளைகள் பசியில் கத்தாமல் இருக்க, யாராவது ஒரு மாமா ஈரலில் துண்டு போட்டு, உப்பைத் தடவி அடுப்புக் கங்கில் போட்டுச் சுட்டுத் தருவார், சாம்பலை ஊதிவிட்டுத் தின்போம். வீட்டு ஈரலைத் தொடாத நான் அதை மட்டும் எப்படித் தின்றேன் என்று இப்போது யோசித்தால், அந்த மாமாக்கள் யாரும் அதை ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல் கங்கில் விட்டதில்லை.

ஆட்டு ஈரல் கிடைக்காத வாரம் கோழி ஈரல். விலை கால்வாசிகூட வராது, 100 கிராமில் இரும்புச்சத்து சுமார் 9 மில்லிகிராம் இருக்கிறது, சீக்கிரம் வேகும். ஆனால் இதிலும் பதம் கிதம் என்று உள்ளே சிவப்பாக விடாதீர்கள், கிருமி ஆபத்து இருக்கிறது, முழுசாக வெந்தே ஆக வேண்டும். வெந்ததை உதிர்த்து முட்டையோடு பொடிமாஸ் ஆக்கிவிட்டால் பிள்ளைகள் என்னவென்றே கேட்காமல் சாப்பிடும்.

எங்கள் அப்பாவுக்கு ஈரல் பேச்சு வந்தால் ஒரு கதை சொல்லாமல் இருக்க முடியாது. ஒருவகை ரத்தசோகையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவில் மினாட், மர்ஃபி என்று ரெண்டு டாக்டர்கள் நோயாளிகளுக்கு தினமும் ஈரல் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள், 1926இல் அதை வெளியிட்டார்கள், விப்பிள் என்பவரோடு சேர்த்து 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. மேட்டூர் அணை திறந்த அதே வருஷம் என்று அப்பா முடிப்பார், அவருக்கு எல்லாக் கதையும் மேட்டூரில்தான் முடியும். வேலை செய்தது ஈரலில் இருந்த பி12 என்று பின்னால்தான் கண்டுபிடித்தார்கள். என் மகளுடையது அந்த நோய் இல்லை, அவளுக்குக் குறைந்தது இரும்பு. மூணு மாசத்தில் 11.4க்கு வந்தது, டானிக்கையும் நிறுத்தவில்லை, அதனால் முழுப் பேரையும் ஈரலுக்குக் கொடுத்துவிட முடியாது. மாமியார் கொடுத்துவிட்டார், அது வேறு.

நல்லது என்பதற்காகத் தினமும் தின்னவும் கூடாது, எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள், பிள்ளைக்கு நாலைந்து துண்டு. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. யூரிக் அமிலம் ஏறியவர்களும் தள்ளியே இருக்கலாம், எங்கள் பெரியப்பா தள்ளி இருக்காமல் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கத்தியதைக் கேட்டிருக்கிறேன்.

கடைக்குத் திரும்புகிறேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வண்டி நிறுத்த இடம் கிடையாது, சந்து முனையில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். பத்தரைக்குக் கட்டையைக் கழுவிவிடுவார். ஜிபே இருக்கிறது, ஆனால் போன் பையனிடம் இருக்கும், பையன் டீக்கடையில் இருப்பான், அதனால் சில்லறையோடு போங்கள். எவர்சில்வர் டப்பா கொண்டுபோனால் முகம் மலரும், இல்லையென்றால் இலையில் சுற்றித் தருவார், வீடு வருவதற்குள் பைக்கில் சொட்டும். வாங்கியதை அன்றைக்கே சமைத்துவிடுங்கள், ஃப்ரீசரில் வைத்து எடுத்த ஈரல் தண்ணீராக விட்டு, ஆப் ஈரல் மாதிரியே ஆகிவிடுகிறது.

ஒரு மார்க் குறைத்தது இதற்கெல்லாம் இல்லை. சுவரொட்டிக்காக, அதாவது மண்ணீரலுக்காக. ஆட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கும், ரத்தத்துக்கு அதைவிட நல்லது இல்லை என்று மாமியார் நச்சரிக்கிறார், நானும் மூணு வாரமாகச் சொல்லிவைக்கிறேன். "எடுத்து வெச்சிருக்கேன் தம்பி" என்கிறார், நான் போவதற்குள் யாரோ ஒரு அம்மா வாங்கிப் போய்விடுகிறார். போன ஞாயிறு ஐந்தே முக்காலுக்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் பையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.